வீட்டு ஸ்டூடியோவுக்கு வீல் வைத்த ரேக்: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

சான் ஹோசேயில் நம்மில் பலருக்கு ஸ்டூடியோ என்று தனி அறை கிடையாது. பிள்ளை பாட்டு ரெகார்ட் பண்ணும் அறைதான், ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்தால் அவங்க தூங்கும் அறையும். அதனால்தான் வீல் வைத்த ரேக் வசதி. வேணுங்கும்போது உருட்டிக்கிட்டு வரலாம், வேலை முடிந்ததும் ஓரமாகத் தள்ளிடலாம். ஆனா விலை குறைந்த ரேக்குகள் எல்லாமே படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். எதைப் பார்த்து வாங்குவது?

முதல்ல, உங்ககிட்ட இருப்பதை எண்ணுங்க. ரேக்கில் மாட்டும் கருவிகளின் முன்பக்க அகலம் 19 அங்குலம். உயரத்தை 'யூ' கணக்கில் சொல்வாங்க. ஒரு யூ 1.75 அங்குலம். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20 ஒரு யூ இடம் எடுக்கும். பல வீடுகளில் இருக்கும் சின்ன 2ஐ2 மேசைமேல் வைப்பது; அதை ரேக்கில் திருக முடியாது, தட்டு போட்டு அதன்மேல்தான் வைக்கணும். ஒரு மைக், ஒரு 2ஐ2, ஒரு லேப்டாப், இவ்வளவுதான் என்றால் ரேக்கே வேண்டாம். சமையலறைக்கு வாங்கும் மூன்று தட்டு உருளும் வண்டி போதும்.

ரேக்தான் வேணும்னா, இப்போ இருக்கும் கருவிகளுக்கு மேல் இரண்டு மூன்று யூ காலி விட்டு வாங்குங்க. காற்று போகவும் அந்த இடம் உதவும். 8 யூ, அதாவது 14 அங்குலம், வீட்டுக்குத் தாராளம்.

நம்ம ஊரில் இன்னொரு ஆசையும் வரும். கம்பெனிகள் கழித்துப்போடும் சர்வர் ரேக் மலிவாகக் கிடைக்கும். அகலம் அதே 19 அங்குலம்தான். ஆனா 42 யூ என்றால் ஆறடிக்கு மேல் உயரம், ஆழமும் பெரும்பாலும் மூன்றடி அல்லது அதுக்கும் மேல். துளைகளும் பெரும்பாலும் சதுரம். அதுக்குத் தனியாகக் கேஜ் நட் வாங்கணும். ஆடியோ ரேக்கில் இங்கே வழக்கமாக வருவது 10-32 ஸ்க்ரூ. படுக்கையறைக்கு சர்வர் ரேக் சரிப்படாது.

அடுத்தது வீல். கார்பெட்டில் 2 அங்குல வீல் புதைந்து நிற்கும். 3 அங்குலம் நல்லது. குறைந்தது இரண்டு வீலிலாவது பிரேக் இருக்கணும். தரை சமமாக இல்லாதபோது பாரம் மூன்று வீலில்தான் நிற்கும். அதனால் மொத்த எடையை நாலால் இல்லை, மூன்றால் வகுத்துப் பாருங்க. 90 பவுண்டு என்றால் ஒவ்வொரு வீலும் 30 பவுண்டாவது தாங்கணும்.

எல்லாத்தையும் விட முக்கியம், ரேக் சாயாமல் இருப்பது. மலிவு ரேக்குகளின் அடிப்பாகம் ஆழம் குறைவு. கருவிகளோ முன்பக்கச் சட்டத்தில் தொங்கும். மூன்று வயசுப் பிள்ளை ஒரு வயரைப் பிடித்து இழுத்தாலோ, தட்டில் கால் வைத்து ஏறினாலோ முன்பக்கமாகக் கவிழலாம். கனமானதை எப்பவும் கீழே மாட்டுங்க. உயரமான ரேக்கை விட, குட்டையாக, அடி அகலமாக இருப்பதை எடுங்க.

நிலநடுக்கமும் இருக்கு. 1989 அக்டோபர் 17 மாலை வந்த லோமா பிரியெட்டா நிலநடுக்கத்தின் அளவு 6.9, மையம் நமக்குத் தெற்கே, சான்டா குரூஸ் மலைப்பக்கம். இங்கேயே வளர்ந்த சிலருக்கு அது பள்ளிக்கூட நாள் ஞாபகம். வீல் வைத்த பாரம் ஆட்டத்தில் உருளும், சாயும். பயன்படுத்தாத நேரத்தில் பிரேக் போட்டு, சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தோடு பட்டை போட்டுக் கட்டிடுங்க. கொக்கி வைத்த பட்டை என்றால் கழற்றுவது சுலபம். வாடகை வீடு என்றால் துளை போடும் முன் ஓனரைக் கேட்டுக்குங்க.

கடைசியாக வயர். ரேக்குக்குள்ளேயே ஒரு பவர் ஸ்ட்ரிப் மாட்டி, சுவருக்கு ஒரே வயர் போகிற மாதிரி வைங்க. எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷன் செருகாதீங்க. ராத்திரி இருட்டில் பாத்ரூம் போகும் பாட்டி கால் தட்டி விழாமல் இருக்க, அந்த ஒரு வயரையும் பிடுங்கிச் சுருட்டி வைங்க.

கண்ணாடிக் கதவு, பிராண்டு பேர், பளபளப்பு இதிலெல்லாம் மிச்சம் பிடிக்கலாம். வீலிலும் பட்டையிலும் மட்டும் வேண்டாம்.