காய்ச்சலுக்கு முந்தைய நாட்கள்



ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நமக்கு வரும் கடிதங்களில் காய்ச்சல் பேச்சும் சேர்ந்தே வரும். இந்த முறை குரும்பலூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி என்னை நிறைய யோசிக்க வைத்தது. தீபாவளிக்கு அவருடைய தம்பியும் கொழுந்தனாரும் சென்னையிலிருந்து ஒரே பஸ்ஸில், பக்கத்துப் பக்கத்து சீட்டில் வந்திருக்கிறார்கள். பின்னால் ஒருவர் வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்தாராம். தம்பி இரண்டாம் நாளே காய்ச்சலில் படுத்துவிட்டார். கொழுந்தனாருக்கு நான்காம் நாள்தான் மூக்கு ஒழுகத் தொடங்கியது. “சீக்கிரம் படுத்தவனுக்குத்தான் நோய் முற்றுமா? நாள் தள்ளி வந்தால் லேசாகப் போய்விடுமா?” என்று கேட்கிறார்.

அக்கா, இதே கேள்வியை ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். கிருமி உடம்புக்குள் போன நாளுக்கும் முதல் அறிகுறி தெரியும் நாளுக்கும் நடுவில் இருப்பதை நோயரும்பு காலம் என்கிறோம். 2003இல் சார்ஸ் நோய் ஹாங்காங்கைத் தாக்கியபோது, யாரிடமிருந்து எப்போது தொற்றியது என்று ஓரளவு தெரிந்த நோயாளிகளின் கணக்கை அவர்கள் எடுத்தார்கள். இறந்துபோனவர்களுக்கு அந்த இடைவெளி சராசரியாக 3.7 நாள், பிழைத்தவர்களுக்கு 4.8 நாள். 2015இல் தென்கொரியாவில் மெர்ஸ் பரவி 186 பேர் பாதிக்கப்பட்டு 38 பேர் இறந்தார்கள். அங்கேயும் அதே சாய்வு தெரிந்தது: இறந்தவர்களுக்கு 6.4 நாள், பிழைத்தவர்களுக்கு 7.1 நாள்.

ஏன் அப்படி என்பதற்கு மருத்துவர்கள் சொல்லும் காரணங்களில் முதலாவது, உள்ளே போன கிருமியின் அளவு. காற்றோட்டம் இல்லாத அறையில், இருமுகிறவருக்கு வெகு அருகில், வெகு நேரம் இருந்தவருக்கு ஒரே மூச்சில் நிறையக் கிருமி போயிருக்கலாம். தொடக்கமே பெரிதாக இருந்தால், மூக்கிலும் தொண்டையிலும் உள்ள செல்களுக்குள் அது பெருகி, உடம்பு விழித்துக்கொள்ளும் அளவை எட்டச் சில சுற்றுகளே போதும். இன்னொரு காரணம் நம் உடம்பின் எதிர்ப்பு. காய்ச்சலும் உடம்பு வலியும் பெரும்பாலும் கிருமி நேரடியாகச் செய்யும் வேலை அல்ல. நம் எதிர்ப்பு சக்தி போர் தொடுப்பதால் வருபவை. அந்தப் போர் சீக்கிரம் மூண்டு அளவு மீறினால் நுரையீரலும் சேர்ந்து அடிபடும். இரண்டுமே நியாயமான விளக்கங்கள்தான். எந்த நோயாளிக்கு எது பொருந்தும் என்று பிரித்துச் சொல்வதுதான் கஷ்டம்.

ஆனால் இதை வைத்து உங்கள் தம்பிக்கு ஜாதகம் கணித்துவிடாதீர்கள். சீனாவில் 2013இல் தலைகாட்டிய எச்7என்9 பறவைக் காய்ச்சலை அதே முறையில் ஆராய்ந்தபோது, இறந்தவர்களுக்கு இடைவெளி குறைவு என்ற ஒழுங்கு அங்கே கிடைக்கவில்லை. கோவிட் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், கடுமையாக நோயுற்றவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரு கிருமியோடு இன்னொரு கிருமியை ஒப்பிட்டாலோ கணக்கு முழுக்கவே மாறிவிடும். நம்மை அடிக்கடி பிடிக்கும் சாதாரண ஜலதோஷக் கிருமி இரண்டு நாளிலேயே தும்ம வைத்துவிடும். ஒரு வாரத்தில் தானாகப் போயும்விடும். ஃப்ளூ காய்ச்சலுக்கு ஒன்று முதல் நான்கு நாள். குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு கொண்டுவரும் ஆர்எஸ்வி கிருமிக்கு நான்கைந்து நாள். தட்டம்மை 10 நாளுக்கு மேல் ஒளிந்திருந்துவிட்டு வருகிறது, வந்தால் சத்துக் குறைந்த பிள்ளைகளைக் கடுமையாகத் தாக்குகிறது. கோவிட்டுக்குள்ளேயே பாருங்கள். ஆல்ஃபாவுக்கு 5 நாள், டெல்டாவுக்கு 4.4, ஒமிக்ரானுக்கு 3.4 என்று இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நம்மை ஆக்சிஜனுக்கு அலையவிட்டது டெல்டா. அதைவிடச் சீக்கிரம் அரும்பிய ஒமிக்ரான், தடுப்பூசியும் முந்தைய தொற்றும் கொடுத்த பலத்தால் பெரும்பாலோரை லேசாகவே தொட்டுவிட்டுப் போனது.

இந்த இடைவெளி நோயின் கடுமையைச் சொல்வதைவிட, நோய் எப்படி ஊர் விட்டு ஊர் போகிறது என்பதைத்தான் நன்றாகச் சொல்கிறது என்பது என் எண்ணம். இதை எழுதும்போது 2020ஐத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னையில் முழு ஊரடங்கு. அதற்கு முன்னும் பின்னும் காய்கறி வாங்கக் கோயம்பேட்டில் கூட்டம் நெரிந்தது. அங்கே கோவிட் பரவியதால் மே 5ஆம் தேதி சந்தையை மூடினார்கள். அங்கே மூட்டை தூக்கியவர்களிலும் கடைகளில் வேலை பார்த்தவர்களிலும் அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டத்துப் பிள்ளைகள் ஏராளம். வேலை போயிற்று, தங்க இடமில்லை, சாப்பாட்டுக்கு வழியில்லை. லாரியிலும் பைக்கிலும் ஊர் வந்து சேர்ந்தார்கள். மே 6 அன்று தமிழகத்தில் புதிதாகத் தொற்று உறுதியானவர்கள் 771 பேர். அதில் சென்னையில் 324, அதற்கு அடுத்தபடியாக அரியலூரில் 188. பெரிய நகரங்களையெல்லாம் விட்டுவிட்டு நம் பக்கத்து மாவட்டம் இரண்டாவது இடத்தில் நின்றது.

அப்போது திண்ணைகளில் பேசிய பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். “தெரிஞ்சே மறைச்சிட்டு வந்துட்டானுங்க” என்றார்கள். உறவுக்காரர்களே கதவை மூடினார்கள். அந்தப் பேச்சு தவறு, அதை இன்றைக்காவது உரக்கச் சொல்ல வேண்டும். அன்றைய கோவிட் கிருமி அறிகுறி காட்டச் சராசரியாக ஐந்து நாள் எடுத்துக்கொண்டது. ஏப்ரல் கடைசியில் தொற்றியவருக்கு மே முதல் வாரத்தில் ஊர் வந்து இறங்கும்போது உடம்பில் ஒரு குறையும் தெரிந்திருக்காது. அவர்களில் பலருக்குக் கடைசிவரை அறிகுறியே வரவில்லை. தேடிப்போய்ப் பரிசோதித்ததால்தான் தெரிந்தது. அவர்களிடம் மறைப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

சார்ஸையும் கோவிட்டையும் இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சார்ஸ் வந்தவர் நன்றாக நோயுற்ற பிறகுதான் பிறருக்கு அதிகம் பரப்பினார். காய்ச்சல் உள்ளவரைத் தனியே வைத்தாலே சங்கிலி அறுந்தது. உலகம் முழுவதும் 774 உயிர்களோடு அது அடங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கோவிட்டோ அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கியது. நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் கருவியை வைத்துக்கொண்டு செக்போஸ்டில் நின்றவர்கள் பாவம், என்ன செய்வார்கள்? அதனால்தான் 14 நாள் தனிமை. தொற்றி அறிகுறி வருகிறவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கும் மேல் பதினொன்றரை நாளுக்குள் அது வந்துவிடுகிறது என்று 2020 தொடக்கத்திலேயே கணித்திருந்தார்கள். வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டியபோது அதை அவமானமாக உணர்ந்த குடும்பங்களுக்கு, இந்தக் கணக்கை யாராவது உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லியிருக்கலாம்.

சரி, இப்போது வீட்டுக்கு வருவோம். இரண்டு தேதிகளைத் தினசரி காலண்டரில் குறித்து வையுங்கள். ஒன்று, நோயாளியோடு பழகிய நாள். அடுத்த சில நாட்களுக்கு வீட்டுத் தாத்தா பாட்டியிடமும் கைக்குழந்தையிடமும் நெருங்காமல் இருக்க அந்தத் தேதி உதவும். மற்றொன்று, காய்ச்சல் தொடங்கிய நாள். மருத்துவருக்கு இதுதான் மிக முக்கியம். ஃப்ளூவுக்குக் கொடுக்கும் ஒசல்டாமிவிர் மாத்திரை, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்கிறது. வயதானவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் “நாலு நாள் பார்க்கலாம்” என்று கஷாயத்தோடு காத்திருக்க வேண்டாம். மெடிக்கலில் சொல்லி வாங்கும் ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

அறிகுறி தொடங்கிய பிறகு நாட்களை எண்ணுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோவிட்டில் மூச்சுத்திணறல் பெரும்பாலும் முதல் வாரக் கடைசியில், சிலருக்கு இரண்டாம் வாரத்தில்தான் வந்தது. எந்தச் சளிக் காய்ச்சலிலும் விட்டுப்போன காய்ச்சல் இரண்டொரு நாளில் திரும்பி வந்து இருமல் கூடினால், நுரையீரலில் பாக்டீரியா சேர்ந்திருக்கலாம். ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே போனாலோ, பேசும்போது மூச்சு வாங்கினாலோ, குழப்பமாகப் பேசினாலோ 108ஐ அழையுங்கள். குழந்தைகளுக்கு மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40 என்ற அளவை எட்டினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ அது வெறும் சளி இல்லை. இந்த எண்களை நம் அங்கன்வாடி அக்காக்களிடமும் கிராம செவிலியரிடமும் கேட்டால் அவர்களே எண்ணிக் காட்டுவார்கள்.

ஆக, அக்கா, உங்கள் தம்பிக்கு இரண்டாம் நாளே காய்ச்சல் வந்ததை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். இருவருக்கும் வந்தது ஒரே கிருமிதானா என்பதே தெரியாது. ஒருவருக்கு பஸ்ஸிலும் மற்றவருக்கு வேறெங்கோவும் தொற்றியிருக்கலாம். தம்பியின் மூச்சையும் சாப்பாட்டையும் கவனியுங்கள். கொழுந்தனாருக்குத் தாமதமாக வந்தது என்பதற்காக அவரைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

2020 மே மாதம் கோயம்பேட்டிலிருந்து ஊர் திரும்பிய வாசகர்கள் இதைப் படித்தால், அந்த நாட்களைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். தனிமை முகாமில் இருந்தது, ஊர் பேசியது, யார் சாப்பாடு கொண்டுவந்து வைத்தார்கள் என்பது எல்லாம் வேண்டும். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம். தை இதழில் உங்களுக்காகப் பக்கங்களை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்