ஆதார் கேட்பவர்களுக்கு

"தப்பு செய்யாதவன் ஏன் பெயரை மறைக்கணும்? சமூக ஊடகக் கணக்கோடு ஆதாரை இணைத்தால் ஆபாசப் பதிவுகள் நின்றுவிடும்." மயிலாப்பூர் காப்பிக் கடையில் மட்டுமல்ல, 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்திலும் பொதுநல வழக்காக வந்த வாதம் இது.

2021 மே மாதம் மாணவிகளுக்குப் பாலியல் தொல்லை தந்த புகாரில் சென்னை கே.கே. நகர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கைதானாரே, அந்த விவகாரம் எங்கே வெடித்தது? இன்ஸ்டாகிராமில். மாணவிகள் பெயர் மறைத்துச் சொன்னவை ஸ்க்ரீன்ஷாட்டுகளாக வெளிவந்தன. யார் சொன்னது என்பது கசிந்துவிடும் என்ற பயம் இருந்திருந்தால் எத்தனை பேர் வாய் திறந்திருப்பார்கள்?

அந்த உயர் நீதிமன்ற வழக்கில், வாட்ஸ்அப் செய்தியில் முதலில் அனுப்பியவரின் அடையாளத்தைச் சேர்க்கலாம் என்று 2019-இல் ஐஐடி பேராசிரியர் காமகோடி யோசனை சொன்னார். அதே வரிகளை நகலெடுத்து நான் புதிதாக அனுப்பினால் 'முதல் ஆள்' நானாகிவிடுவேனே!

அவதூறு செய்பவனை விட்டுவிடச் சொல்லவில்லை. ஐ.பி. முகவரியையும் செல்பேசி எண்ணையும் சட்டப்படி கேட்டு வாங்க போலீசுக்கு இன்றே வழி உண்டு. ஒருவனைப் பிடிக்க ஊரையே ரேகை வைக்கச் சொல்வது, 2017-இல் 9 நீதிபதிகள் உறுதிசெய்த அந்தரங்க உரிமைக்கு ஒவ்வாது.

சொந்தப் பெயர், சொந்தப் படத்தோடு பெண்களை வசைபாடுகிறவர்கள் ஃபேஸ்புக்கில் கொட்டிக் கிடக்கிறார்கள். முதலில் அவர்கள் மேல் எஃப்.ஐ.ஆர். போடுங்கள், ஆதாரைப் பிறகு பேசலாம்.