காதுக்கு எத்தனை ரூபாய்?

என் வயதுக்காரர்கள் இப்போதெல்லாம் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "ஆன்லைனில் ஆயிரத்து ஐந்நூறுக்குக் காது மெஷின் கிடைக்கிறதே, கிளினிக்கில் ஏன் இரண்டு லட்சம் சொல்கிறார்கள்?" இரண்டு காதிலும் மெஷின் மாட்டியிருப்பதால் என்னை நிபுணன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நிபுணன் அல்ல, பல வருடம் பில்களைச் சரிபார்த்த குமாஸ்தா. ஒரு மொத்தத் தொகைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் எனக்குக் கையெழுத்து வராது.

முதலில் அந்த ஆயிரத்து ஐந்நூறு. அது பெரும்பாலும் வெறும் ஒலிபெருக்கி. பேச்சையும் மிக்சி சத்தத்தையும் பஸ் ஹாரனையும் ஒரே அளவில் கூட்டித் தரும். வயதானால் நமக்குக் குறைவது எல்லா ஒலியும் அல்ல. தாழ்ந்த ஒலிகள் நன்றாகவே கேட்கும். மேல் ஸ்தாயி ஒலிகள்தான் நழுவும். அதாவது உயிரெழுத்து நிற்கும், மெய்யெழுத்து போய்விடும். 'பத்து' என்றாரா 'பட்டு' என்றாரா என்று முழிப்பது அதனால்தான். சிறு வயதில் நான் படித்த பிரெஞ்சில் மீனுக்கும் விஷத்துக்கும் நடுவே ஒரு ஸகர ஒலியின் வித்தியாசம் மட்டுமே உண்டு. தமிழில் எழுதினால் அந்த வித்தியாசமும் தெரியாது! இப்படிப்பட்ட காதுக்கு எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் இரைச்சல்தான் மிஞ்சும்.

அமெரிக்காவில் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் விற்பது வேறு ரகம். 2022 அக்டோபர் 17 முதல் அங்கே அதற்குத் தனி விதி இருக்கிறது: 18 வயது நிரம்பியவர்களுக்கு, இலேசானது முதல் மிதமானது வரையிலான குறைபாட்டுக்கு மட்டும், சத்தம் எவ்வளவு வரலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. அந்த விதி நம் ஊருக்குப் பொருந்தாது. இங்கே இணையத்தில் எதையாவது வாங்கிவிட்டு "அமெரிக்காவிலேயே இப்படித்தான் விற்கிறார்கள்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால் அந்த ரகத்தில் நல்லவை உண்டு. அப்படி ஒரு கருவியைக் கைப்பேசி மூலம் தாங்களே பொருத்திக்கொண்டவர்களையும் ஆடியாலஜிஸ்ட் பொருத்தியவர்களையும் ஒப்பிட்டு 2023இல் ஓர் ஆய்வு வந்தது. ஆறு வாரத்துக்குப் பிறகு இரு தரப்புக்கும் பலன் ஏறத்தாழ ஒன்றே. பிரச்சினை என்னவென்றால், எங்கள் தெருவில் பாதிப்பேருக்கு வாட்ஸப்பில் படம் அனுப்பவே பேரன் வரவேண்டும்.

இனி அந்த இரண்டு லட்சம். மெம்பிஸ் பல்கலைக்கழகத்தில் ராபின் காக்ஸ் என்ற அம்மையார் குழுவினர் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மிதமான குறைபாடுள்ள முதியவர்களுக்கு இரண்டு பெரிய கம்பெனிகளின் சாதாரண மாடலையும் உயர்ந்த மாடலையும் மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் ஏறத்தாழ ஒரு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். பேச்சு புரிவதில், அன்றாட வாழ்க்கையில், பொருட்படுத்தும்படியான வித்தியாசம் தென்படவில்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாதாரண மாடலும் அதே அக்கறையோடு அளந்து பொருத்தப்பட்டது.

ஆகவே என் தீர்ப்பு இது: காசு மெஷினுக்கு அல்ல, பொருத்துவதற்குக் கொடுங்கள். ஆடியோகிராம் எடுத்து, காதுக்குள் மெல்லிய குழாய் விட்டு, செவிப்பறை அருகே உண்மையில் எவ்வளவு ஒலி போய்ச் சேருகிறது என்று அளந்து சரிசெய்வார்கள். அதைச் செய்யாத இடத்தில் விலை உயர்ந்த மாடல் வாங்குவது, அளவெடுக்காமல் பட்டுச் சட்டை தைப்பது போல. நாள்தோறும் கூட்டங்களில் பேச வேண்டியவருக்கு உயர்ந்த மாடலின் வசதிகள் வேண்டியிருக்கலாம். வீடு, கோயில், கடற்கரை என்று வாழும் பென்ஷன்காரருக்கு எதற்கு?

இங்கே பிரான்சைச் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் பாதி வீடுகளுக்கு அங்கே உறவு உண்டல்லவா! அங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் கருவி கிடையாது. 2021 முதல் 'முதல் வகுப்பு' கருவிக்கு, பெரியவர்களுக்கு, ஒரு காதுக்கு 950 யூரோவுக்கு மேல் விலை வைக்கக் கூடாது. துணைக் காப்பீடு இருந்தால் கைக்காசு எதுவும் போகாது. குறைந்தது 30 நாள் போட்டுப் பார்க்கலாம். நான்கு வருடத்துக்கு ஒருமுறை புதிது. நம் ரயில் வழக்கத்துக்கு நேர்மாறாக, அங்கே முதல் வகுப்புதான் மலிவு. இரண்டாம் வகுப்புக்கு விலை அவரவர் இஷ்டம். தரத்துக்கு அரசாங்கம் ஒரு தரை போட்டு, விலைக்கு ஒரு கூரை போட்டிருக்கிறது. நம் ஊரில் விலைக்கு அப்படி ஒரு கூரை இல்லாததால்தான் ஆயிரத்து ஐந்நூறுக்கும் இரண்டு லட்சத்துக்கும் நடுவே நாம் தனியாக நிற்கிறோம்.

ஒன்று மட்டும் விலைக் கணக்குக்கு அப்பாற்பட்டது. திடீரென்று ஒரு காது மட்டும் அடைத்துக்கொண்டால், சீழ் வந்தால், தலை சுற்றினால், கடைக்குப் போகாதீர்கள். அன்றே காது டாக்டரிடம் போங்கள். திடீர்ச் செவிடுக்குச் சில நாட்களுக்குள் வைத்தியம் செய்தால்தான் பலன்.

மற்றவர்கள் கிளினிக்குக்குப் போகும்போது மூன்று கேள்வி எழுதி எடுத்துப் போங்கள். மெஷின் விலை எவ்வளவு, பொருத்தும் கூலி எவ்வளவு என்று பில்லில் தனித்தனியாகப் போடுவீர்களா? காதுக்குள் குழாய் விட்டு அளப்பீர்களா? ஒரு மாதம் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாமா? முதல் கேள்விக்கே முகம் சுளித்தால், அடுத்த தெருவில் இன்னொரு கிளினிக் இருக்கிறது.