புழக்கடைத் தோட்டமும் நீர்க்கணக்கும்

திருப்பதியிலும் சித்தூரிலும் புதுவீடு கட்டுவோர் பலர் தோட்டத்தைப் பற்றி இறுதியில்தான் எண்ணுகின்றனர். கட்டுமானத்திற்குப் பின் கையில் எஞ்சிய தொகையில் கொரியன் புல், ஒரு சிறு நீரூற்று, கடியத்து நாற்றங்கால்களிலிருந்து வரும் அழகுச் செடிகள், மீதி இடமெல்லாம் சிமெண்டுத் தளம் என்று திட்டம் முடிந்துவிடுகிறது. விலைப்பட்டியல் தொகைக்குள் அடங்கிவிட்டால் சிக்கனமாகச் செய்ததாக நிறைவு கொள்கின்றனர். ஆனால் தோட்டத்தின் உண்மையான செலவு அந்தப் பட்டியலில் இல்லை. அது கோடையில் தண்ணீராகக் கணக்கிடப்படுகிறது.

ஐந்நூறு சதுர அடிப் புல்தரைக்கு நாளொன்றுக்கு 5 மி.மீ. நீர் வேண்டும் என்று கொண்டால், அது ஏறத்தாழ 230 லிட்டர். மார்ச் முதல் மே வரையிலான 92 நாட்களில் 21,000 லிட்டரைத் தாண்டும். 5,000 லிட்டர் லாரி நான்கு முறை வந்தாலும் போதாது. இப்பகுதியின் நிலத்தடியோ பெரும்பாலும் கடும்பாறை. அதன் வெடிப்புகளில் தங்கும் நீரையே ஆழ்துளைக் கிணறுகள் எடுக்கின்றன. அந்த வெடிப்புகள் யாருடைய சுற்றுச்சுவரோடும் நின்றுவிடுவதில்லை. ஒருவர் வீட்டுப் புல்தரை பக்கத்து வீட்டுக் குடிநீரையும் சேர்த்தே பருகுகிறது.

மறுபக்கம், இதே மண்ணில் ஆண்டுக்குச் சராசரியாக 900 மி.மீ. அளவில் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் விழும் மழையில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலே ஆண்டுக்குச் சுமார் 67,000 லிட்டர் கிடைக்கும். சிமெண்டுத் தளம் அதனைத் தெருவுக்குத் தள்ளிவிடுகிறது. 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்கள் வெள்ளத்தில் மூழ்கியதற்குப் பெருமழையே முதற்காரணம். எனினும் நீரை உறிஞ்ச மண் விடாத முற்றங்களுக்கும் அதில் பங்குண்டு.

ஆகவே, குறைந்த பணத்தில் தோட்டம் அமைப்போர் செலவின் வரிசையை மாற்ற வேண்டும். முதற்செலவு, அடித்தளத்திலிருந்து சற்று விலகி ஜல்லியும் மணலும் நிரப்பிய ஒரு நீர்செறிவுக் குழிக்கும், மாடிக் குழாயை அதனுடன் இணைப்பதற்கும். இரண்டாவது, மேற்கு வெயிலை மறைக்கும் ஒரு வேம்போ புங்கமோ. மூன்றாவது, முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை, செம்பருத்தி, நந்தியாவட்டை போன்று வேரூன்றியபின் குறைந்த நீரில் வாழ்பவை. பாத்திரம் கழுவும் நீர் வாழைக்குப் போகட்டும். நடைபாதைக்குக் கடப்பைக் கல் போதும். ஆனால் வெயிலில் அது கடுமையாகச் சூடேறுவதால் மரநிழலில் இடைவெளிவிட்டுப் பதிப்பதே நன்று. நீரூற்றும் அலங்கார விளக்கும் பணம் எஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.

குழந்தைகள் விளையாடப் புல்வெளி வேண்டாமா என்ற கேள்வி நியாயமானதே. மரத்தடியில் தண்ணீர் தெளித்துக் கெட்டிப்படுத்திய மண்தரையும் விளையாட்டுக்கு உகந்ததுதான். நண்பகலில் புல்தரையைவிட அந்நிழலே குழந்தைகளுக்குப் பயன்படும். குழியில் இறங்கும் நீர் தம் கிணற்றுக்கே வரும் என்பதற்கு என்ன உறுதி என்று கேட்போரும் உளர். உறுதி இல்லை. எடுக்கும்போது பொதுவிலிருந்து எடுப்பவர், கொடுக்கும்போது மட்டும் தனிக்கணக்குக் கேட்பது முறையன்று.

இராமாநுசரின் ஆணைப்படி திருமலையில் நந்தவனம் அமைக்கச் சென்ற அனந்தாழ்வானைப் பற்றி வைணவ மரபு கூறும் கதை இங்கு நினைக்கத்தக்கது. மலர்க் கைங்கரியத்திற்காகச் சென்றவர் அங்கு ஏரி வெட்டினார். கருவுற்றிருந்த மனைவி மண் சுமந்தார். அவருடையது எனப்படும் கடப்பாரை இன்றும் கோயிலின் மகாத்துவாரத்தில் தொங்குகிறது. அதனை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புவோர் தம் வீட்டுப் புழக்கடையிலும் அதே வரிசையைக் கைக்கொள்ளலாம்: முதலில் நீருக்கு இடம், பின்னர் பூவுக்கு.