தண்டுவடக் காயத்துக்கு ஹார்மோன் மருந்துகள்: நெறிமுறை கோரும் மனு

அனுப்புநர்:
நிர்வாகிகள்,
தண்டுவடம் பாதிக்கப்பட்டோர் சங்கம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: தண்டுவடக் காயத்துக்கு ஹார்மோன் மருந்துகள் தருவதை முறைப்படுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மெத்தில்பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு ஹார்மோன் மருந்தை, அடிபட்ட 8 மணி நேரத்துக்குள் ஏற்றினால் அசைவு ஓரளவு மீளும் என 1990-இல் ஓர் அமெரிக்க ஆய்வு தெரிவித்தது. அதன்பின் அது உலகெங்கும் வழக்கத்துக்கு வந்தது. 1997-இல் வெளியான தொடர் ஆய்விலோ, 48 மணி நேரம் மருந்து ஏற்றப்பட்டோரிடம் கடும் நிமோனியாவும் செப்சிஸும் கூடுதலாகக் காணப்பட்டன. 2013-இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்களின் வழிகாட்டுதல் இம்மருந்தைப் பரிந்துரைக்க மறுத்தது. 2017-இல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதல், 8 மணி நேரத்துக்குள் தொடங்கி 24 மணி நேரம் மட்டும் தரலாம் என்றது. வல்லுநர்களே ஒருமித்த முடிவுக்கு வராத மருந்தை, நோயாளிக்கோ குடும்பத்துக்கோ விளக்காமல் ஏற்றுவது முறையல்ல.

மற்ற ஹார்மோன்களான புரோஜெஸ்டிரோனும் ஈஸ்ட்ரோஜனும் விலங்கு ஆய்வுகளில் நம்பிக்கை தந்தவை; மனிதத் தண்டுவடத்தில் அவற்றின் பலன் நிரூபிக்கப்படவில்லை. தலைக்காயத்துக்குப் புரோஜெஸ்டிரோன் பயன்படவில்லை என 2014-இல் இரு பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. பிள்ளை எழுந்து நடந்தால் போதும் என்று நிலத்தை விற்கவும் துணியும் பெற்றோரின் ஏக்கத்தை, நிரூபிக்கப்படாத சிகிச்சைகளைக் காட்டி எவரும் விலைபேச அரசு இடம்தரக் கூடாது.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்:

1. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்னும் விபத்துச் சிகிச்சைத் திட்டத்தில் உள்ள எல்லா மருத்துவமனைகளுக்கும் மெத்தில்பிரட்னிசோலோன் குறித்து ஒரே எழுத்து நெறிமுறை வகுக்க வேண்டும்.

2. நன்மை, ஆபத்து இரண்டையும் தமிழில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். அடிபட்ட நேரமும் மருந்து தொடங்கிய நேரமும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இடம்பெற வேண்டும்.

3. பலன் நிரூபிக்கப்படாத ஹார்மோன் சிகிச்சைகளை, 2019-ஆம் ஆண்டு மருந்து ஆய்வு விதிகளின்படி பதிவுசெய்த ஆய்வுகளில் மட்டும், கட்டணமின்றி அனுமதிக்க வேண்டும்.

4. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் பிரிவு 6 கூறும் மாற்றுத்திறன் ஆராய்ச்சிக் குழுவில் தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கும் இடம் வேண்டும்.

5. காயத்துக்குப் பின் ஆண்கள் பலருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது, எலும்பும் தேய்கிறது. இவற்றுக்கான பரிசோதனைகளை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்ய வேண்டும்.

6. பிசியோதெரபி, படுக்கைப்புண் தடுப்பு, சிறுநீர்ப்பை பராமரிப்பு ஆகியவை மாவட்டந்தோறும் கிடைக்க வேண்டும். எங்களை உயிரோடு காப்பவை இவையே.

இவை குறித்து நேரில் விளக்க நேரம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்.

நகல்: மாற்றுத்திறனாளிகள் நல ஆணையர், சென்னை.