இடம்புரி மரை

போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து வாசகி ஒருவர் நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதில் மூன்றரைப் பக்கம் ஒரு ஜீப்பைப் பற்றியது. மீதி அரைப் பக்கம், அந்த ஜீப்பைப் பற்றிக் கணவர் சொன்னது.

"குடும்பப் பத்திரிகையில் ஜீப்புக்கு என்ன வேலை?" என்று கேட்கும் நேயர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். தகப்பனார் வைத்துவிட்டுப் போன வண்டி அது. 1962-ஆம் வருஷத்து வில்லீஸ். ஏலத் தோட்டத்துக்கு அதில்தான் அவர் போய் வந்தார். மகளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்ததும் அதில்தான். அவர் காலமான பிறகும் நம் வாசகி மாதம் இரண்டு தடவை பேரப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார்.

சென்ற மாதம் முன்பக்கத்து இடது சக்கரம் பஞ்சர். ஒட்டுப் போடும் கடைப் பையன் காற்றில் ஓடும் நட்டுத் துப்பாக்கியை வைத்து ஒரு பிடி பிடித்தான். இரண்டு ஸ்டட்டு படக், படக் என்று முறிந்து போயின. "துருப் பிடிச்சிருக்கும்மா" என்றானாம். உள்ளூர் மெக்கானிக், "அஞ்சுல மூணு இருக்கே, போதும். மூணு நட்டோட எத்தனையோ வண்டி ஓடுது" என்று தைரியம் சொல்லியிருக்கிறார். கணவரோ, "சாமான் கிடைக்காத வண்டியைக் கட்டிக்கொண்டு அழாதே, எடைக்குப் போட்டுவிடு" என்கிறார். மூன்று நட்டோடு மலை ஏறலாமா, சாமான் உண்மையிலேயே கிடைக்காதா என்பதுதான் வாசகியின் கேள்வி.

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல அதிக நேரம் வேண்டாம். ஏறக் கூடாது, இறங்கவும் கூடாது. கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் அந்த விசை முழுவதும் சக்கரத்துக்குப் போவது இந்த ஐந்து ஸ்டட்டுகள் வழியாகத்தான். இரண்டு இல்லாவிட்டால் அவற்றின் பாரத்தையும் மற்ற மூன்றும் சுமக்கின்றன. சக்கரத்துத் துளைகள் மெல்ல மெல்லக் கோணிப் போகும். பிறகு ஒரு நாள் நாலாவதும் முறியும். பேரப்பிள்ளை ஏறும் வண்டிக்கு, "எத்தனையோ வண்டி ஓடுது" என்ற கணக்கை ஒப்புக்கொள்ள என்னால் முடியாது.

இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. அந்தப் பையன் துருவின் மேல் பழி போட்டான் அல்லவா? துருவும் இருந்திருக்கலாம். ஆனால் ஸ்டட்டு முறிந்ததற்கு வேறு காரணம் இருந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அந்த நட்டுகளை அவன் கழற்றவேயில்லை, இறுக்கியிருக்கிறான்!

மேஜை விசிறியின் இறக்கையைத் துடைப்பதற்காகக் கழற்றியிருப்பீர்கள். நடுவிலுள்ள குமிழை ஊறுகாய் ஜாடி மூடியைத் திருப்புகிற மாதிரி திருப்பினால் கழலாது, இன்னும் இறுகும். கடிகார முள் சுற்றுகிற பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். சைக்கிளின் இடது பெடலும் இப்படித்தான். இவற்றில் மரை தலைகீழாக வெட்டப்பட்டிருக்கிறது. சங்கில் வலம்புரி, இடம்புரி என்று உண்டே, அதே மாதிரி. சங்கில் வலம்புரி அபூர்வம், அதனால் விலை அதிகம். மரையில் இடம்புரிதான் அபூர்வம். ஆனால் அதை யாரும் பூஜையில் வைப்பதில்லை, குப்பையில்தான் போடுகிறார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பழைய வில்லீஸ் ஜீப்பில் வலது பக்கத்து இரண்டு சக்கரங்களுக்கும் சாதாரண மரை. இடது பக்கத்து இரண்டுக்கும் இடம்புரி மரை. வண்டி முன்னோக்கி ஓடும்போது இடது பக்கத்து நட்டுகள் தாமாகவே தளர்ந்துவிடும் என்று அந்தக் காலத்து எஞ்சினீயர்கள் அஞ்சியதால் இப்படிச் செய்தார்கள். நட்டின் அடிப்பாகத்தைக் கூம்பு போலச் செய்து, அது சக்கரத்துப் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்து இறுகுமானால் இந்தப் பயம் வேண்டாம் என்று பிறகு தெரிந்தது. மோட்டார்க் கம்பெனிகள் ஒவ்வொன்றாக இடம்புரியைக் கைவிட்டன. இன்று பஞ்சர் கடையில் நிற்கும் பையன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அது வழக்கொழிந்துவிட்டது. அவனைக் கோபித்து என்ன பயன்?

இந்த ஜீப்பின் பூர்வோத்தரத்தையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 1940-இல் அமெரிக்க ராணுவம் கேட்டதற்காக உருவான வண்டி. யுத்தம் முடிவதற்குள் வில்லீஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். நம் நாட்டில் மஹீந்திரா கம்பெனி 1940-களின் கடைசியில் பம்பாயில் அதைப் பூட்டத் தொடங்கியது. பிறகு, நெற்றி உயர்ந்த ‘சிஜே 3பி’ என்ற மாதிரி பல பத்தாண்டுகள் இங்கே ஓடியது. வாசகி அனுப்பிய படத்தில் இருப்பதும் உயர்ந்த நெற்றிதான். ஆகவே சாமான் கிடைக்காத வண்டி என்று சொல்வது சரியல்ல. கிடைக்கும். அதன் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நான் புதுப்பேட்டைக்குப் போனேன். சென்னைக்கு வெளியே இருக்கும் நேயர்களுக்காகச் சொல்கிறேன்: எழும்பூருக்கு அருகே, கூவத்தை ஒட்டிய பழைய மோட்டார் சாமான் பேட்டை அது. காலையில் முழுசாக உள்ளே போகும் கார் சாயங்காலம் கதவு ஒரு கடை, கண்ணாடி ஒரு கடை, எஞ்சின் ஒரு கடை என்று பாகப்பிரிவினை ஆகிவிடும் என்பார்கள். எண்ணெய்க் கறை படியாமல் அந்தச் சந்துகளில் நடப்பது ஒரு வித்தை. வெளிர் நிறப் புடவை உதவாது.

மூன்று கடைகளில், "ஜீப் வீல் நட்டா? இந்தாங்கக்கா" என்று பளபளவென்று ஒரு பிடியை அள்ளிக் கொடுத்தார்கள். எல்லாம் சாதாரண மரை. நாலாவது கடையில் பெரியவர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா வேணும்?"

"ஜீப் வீல் நட்டு, பாய். இடது பக்கத்துக்கு."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "வில்லீஸா? யாரும்மா இன்னும் வெச்சிருக்காங்க?"

"வில்லீஸ் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

"இடது பக்கம்னு பிரிச்சுக் கேட்டீங்களே! வேற வண்டிக்காரங்க அப்படிக் கேக்க மாட்டாங்க."

உள்ளே போய் ஒரு பழைய பால் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து, சாக்கின் மேல் கவிழ்த்தார். நூறு நட்டுகள் இருக்கும். கண்ணால் பார்க்காமலே விரலால் தடவிப் பொறுக்க ஆரம்பித்தார். "இதுக்கு ஏன்மா பஞ்சம் தெரியுமா? எவனாவது இதை எடுத்து சாதா ஸ்டட்டுல போட்டுப் பாப்பான். ஏறாது. மரை போச்சுன்னு நெனச்சு தூக்கி எறிஞ்சிடுவான். நல்ல நட்டெல்லாம் அப்படியே எடைக்குப் போயிடுச்சு."

ஐந்து நிமிஷத்தில் ஏழு நட்டு தேறின. சிலவற்றின் முகத்தில் ஆங்கில ‘எல்’ எழுத்து வெட்டியிருந்தது. வாசகி செய்ய வேண்டிய முதல் காரியமும் இதுதான்: முறியாத மூன்று ஸ்டட்டுகளின் நுனியை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, அந்த எழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுத்து தேய்ந்திருந்தால் மரை எந்தப் பக்கம் சாய்ந்து ஏறுகிறது என்று பார்த்து, வலது சக்கரத்தோடு ஒப்பிட்டால் போதும். இத்தனை வருஷத்தில் யாராவது மாற்றியும் இருக்கலாம் அல்லவா?

நட்டு கிடைத்துவிட்டது. ஆனால் ஸ்டட்டு வேறு சமாசாரம். இந்த ஜீப்பில் அது வெறுமே சொருகிய ஆணி அல்ல. ஹப்பையும் பிரேக் டிரம்மையும் சேர்த்துப் பிடித்திருப்பது அதுதான். உள்ளே தள்ளியபின் கழுத்தை நசுக்கிப் புடைக்க வைத்திருப்பார்கள். அந்தப் புடைப்பை முதலில் வெட்டி எடுக்காமல் சம்மட்டியால் அடித்தால், ஸ்டட்டு வரும்போது துளையையும் அகலப்படுத்திக்கொண்டு வரும். பிறகு எந்த ஸ்டட்டும் அதில் நிற்காது. இரண்டு ஸ்டட்டுக்கு ஆன செலவு ஒரு ஹப்பில் போய் முடியும். "லேத்துப் பட்டறையில் கடைந்து தருகிறேன்" என்று சொல்பவர்கள் உண்டு. வடிவம் அப்படியே வரும். ஆனால் கடையில் வாங்கிய சாதாரணக் கம்பிக்கு, பதம் போட்ட எஃகின் பலம் வராது. வெல்டிங் வைத்து ஒட்டுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

பாய் சொன்ன யோசனைதான் எனக்கும் பிடித்தது. பிரித்துப் போட்ட வில்லீஸிலிருந்து, ஐந்து ஸ்டட்டும் முழுசாக இருக்கிற இடது முன்பக்கத்து ஹப்பை டிரம்மோடு சேர்த்து வாங்கிவிடுவது. அது கிடைக்காவிட்டால் அந்தச் சக்கரத்துக்கு ஐந்தையும் புதிய சாதாரண மரை ஸ்டட்டாக மாற்றலாம், தவறில்லை. ஆனால் ஐந்தையும் மாற்ற வேண்டும். மூன்று இடம்புரி, இரண்டு வலம்புரி என்று கலப்புக் கல்யாணம் செய்தால், அடுத்த பஞ்சரில் மறுபடியும் படக்! மாற்றிய சக்கரத்தில் பெயிண்டால் ஓர் அடையாளமும் வைக்க வேண்டும்.

தபாலில் சாமான் வாங்குகிறவர்களுக்கு அளவு முக்கியம். ஜீப்பின் ஐந்து ஸ்டட்டுகளும் ஐந்தரை அங்குல வட்டத்தில் நிற்கின்றன. ஆனால் ஐந்து புள்ளிக்கு எதிரெதிர்ப் புள்ளி கிடையாது என்பது கோலம் போடுகிற கைக்குத் தெரியும். குறுக்கே டேப்பை வைத்து அளக்க முடியாது. அடுத்தடுத்த இரண்டு ஸ்டட்டுகளின் நடுவுக்கு நடு அளந்தால் 82 மில்லிமீட்டர் வர வேண்டும். ஸ்டட்டு அரை அங்குல கனம், அங்குலத்துக்கு 20 மரை. 12 மில்லிமீட்டர் ஸ்டட்டைக் காட்டி "எல்லாம் ஒண்ணுதான்" என்பார்கள். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அந்த நட்டு இதில் தளதளவென்று ஆடும்.

ஹப்பைப் பிரிக்கும்போது பேரிங்கையும் மாற்றிவிடுவது நல்லது. இதில் ஒரு வேடிக்கை. "ஜீப் பேரிங்கு" என்று கேட்டால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். "18590, அதற்கு வெளிவளையம் 18520" என்று எண்ணைச் சொல்லிப் பாருங்கள். பேரிங்கு கடைக்காரர் அலமாரியைத் திறப்பார். பேரிங்கு எந்த வண்டிக்குப் போகிறது என்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. அவருக்கு எண்தான் பாஷை. முன்பக்கத்து ஹப் ஒன்றுக்கு இரண்டு ஜோடி வேண்டும். ஹப்பும் டிரம்மும் பழசாக இருக்கலாம், மேல் துருவைப் பற்றிப் பயமில்லை. பேரிங்கு மட்டும் ஒருநாளும் பழசு கூடாது. அதைப் பிடித்திருக்கும் ஆறு மூலைப் பெரிய நட்டுக்கு 2 1/16 அங்குல பாக்ஸ் ஸ்பானர் இருக்கிறது. உளியையும் சுத்தியலையும் எடுக்கும் மெக்கானிக்கை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

டயரில் இன்னொரு கண்ணி. இந்த ஜீப்புக்கு 6.00–16. அதே அளவில் டிராக்டரின் முன் சக்கரத்துக்கும் டயர் வருகிறது. ரிம்மில் அழகாக உட்காரும். கிராமத்துக் கடைகளில் சுலபமாகவும் கிடைக்கும். ஆனால் அது உழவு வேகத்துக்காகச் செய்தது, தார் ரோட்டு வேகத்துக்கு அல்ல. மூன்று நீளப் பட்டை மட்டும் ஓடும் டயரைக் கண்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ராணுவ ஜீப் வைத்திருக்கும் நேயர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. யுத்தகாலத்து ரிம் இரண்டு பாதியாக இருக்கும். எட்டு நட்டு அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும். டயரில் காற்று இருக்கும்போது அந்த எட்டில் கை வைக்கவே கூடாது. இரண்டு பாதியும் பீரங்கி மாதிரி பிரியும். ஆளைக் கொன்றுவிடும். சக்கரத்தைக் கழற்றுவதற்கு உள்ளே இருக்கும் ஐந்து மட்டுமே.

கடிதத்தின் கடைசியில் வாசகி இன்னொன்றும் கேட்டிருக்கிறார். ஐம்பது வயது தாண்டிய வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்துகொள்ளலாமே என்று உறவினர் ஒருவர் சொன்னாராம். 2021-இல் வந்த விதிப்படி செய்யலாம்தான். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்ற காரியங்களுக்குத்தான் வெளியே எடுக்கலாம். தோட்டத்துக்குப் போய்வர விரும்புகிறவர் அந்தப் பெருமைக்கு ஆசைப்பட வேண்டாம். இப்போதுள்ள பதிவையே தகுதிச் சான்றோடு புதுப்பித்துக்கொண்டு போவது மேல்.

பாய் தம் கடைக் குவியலுக்கு அடியில் இடது பக்கத்து ஹப் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார். எடுத்துத் துடைத்து வைக்க ஒரு வாரம் கேட்டிருக்கிறார். ஆகவே, போடிப் பக்கத்துச் சகோதரி, 82 வருகிறதா என்று அளந்து, ஸ்டட்டு நுனியைக் கைப்பேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் பணம் வாங்குவாராம். சாமான் வந்து பூட்டியபின் நட்டுகளை நட்சத்திரம் வரைகிற மாதிரி ஒன்று விட்டு ஒன்றாக இறுக்கச் சொல்லுங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை மறுபடி இறுக்க வேண்டும், இடது பக்கத்தில் இடது பக்கமாக. அதுவரை வண்டி கொட்டகையிலேயே நிற்கட்டும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.