நடிகனுக்கு மறுக்கப்பட்ட பெயர்

நாடகாசிரியன் எழுதுவான், நடிகன் அதைப் பேசுவான் என்னும் பாகுபாடு இலக்கியக் கல்வியில் நெடுங்காலமாக நிலைபெற்றுவிட்டது. நாடகத்தை நூலாக மாத்திரம் கொண்டு பயிலும் பல்கலைக்கழகங்கள், நூலின் முகப்பில் முதலில் நிற்கும் பெயரையே படைப்பாளியின் பெயராக ஏற்றுக்கொள்கின்றன. மேடையிலே பிறந்து பின்னர் ஏட்டுக்கு வந்த நாடகங்களைப் பொறுத்தவரை இவ்வழக்கம் பிழையானது, அநீதியானதுமாகும். தென்னாபிரிக்க நாடகாசிரியரும் நடிகருமான ஜோன் கானியின் வாழ்க்கை இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

கானியைப் பற்றி எழுதுவோர் பலர் ஒரே வாய்பாட்டைப் பின்பற்றுகின்றனர். அவர் புகழ்பெற்ற நடிகர். அதொல் ஃபூகார்டின் நாடகங்களில் நடித்தவர். ஏறக்குறைய அறுபது வயதில், 2002ஆம் ஆண்டிலே, நாடகாசிரியராக மாறியவர் என்பதே அவ்வாய்பாடு. இதன் இறுதிக் கூற்று உண்மைக்குப் புறம்பானது. கானி நாடகாசிரியரான ஆண்டு 1972.

1943இல் போர்ட் எலிசபெத் நகரை அடுத்த நியூ பிறைற்றன் என்னும் கறுப்பினத்தவர் குடியிருப்பிலே கானி பிறந்தார். அக்குடியிருப்பைச் சேர்ந்த உழைப்பாளர் சிலர் நாடகம் போட விரும்பி, வெள்ளையரான ஃபூகார்டின் உதவியை நாடினர். அதன் பயனாக 1963இல் தோன்றியதே ‘சேர்ப்பன்ற் பிளேயர்ஸ்’ என்னும் குழு. கானி 1965இல் இதிற் சேர்ந்தார். பிறெக்ரும் சொபொக்கிளிசும் அங்கு மேடையேறினர். குழுவினர் சிலர் சிறையும் ஏகினர். கானி அக்காலத்தில் ஃபோர்ட் மோட்டார் தொழிற்சாலையில் வேலை செய்தவர்.

1972இல் கேப்ரவுணில் அரங்கேறிய ‘சிஸ்வே பன்சி இறந்துவிட்டான்’ எவ்வாறு உருவாயிற்று என்பதை நோக்குதல் வேண்டும். எழுதி முடிக்கப்பட்ட பிரதி எதுவும் தொடக்கத்தில் இருக்கவில்லை. ஒரு கையிற் சுங்கானும் மறு கையிற் சிகரெட்டுமாகச் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு கறுப்பினத்தவரின் நிழற்படமே மூலப்பொருள். இவன் ஏன் சிரிக்கிறான் என்னும் வினாவிலிருந்து ஃபூகார்ட், கானி, வின்ஸ்ரன் நற்சோனா ஆகிய மூவரும் நாடகத்தைக் கட்டியெழுப்பினர். கறுப்பினத்தவர் எங்கு வாழலாம், எங்கு வேலை தேடலாம் என்பதை நிர்ணயித்த அனுமதிப் புத்தகமே நாடகத்தின் பொருள். இறந்த ஒருவனின் புத்தகத்தைப் பெற்று வாழ்வதற்காகத் தன் பெயரையே புதைத்துவிடுகிறான் சிஸ்வே. தொடக்கத்தில் வரும் நீண்ட தனிப்பேச்சிலே, படப்பிடிப்பாளன் ஸ்ரைல்ஸ் தான் முன்பு வேலைசெய்த ஃபோர்ட் தொழிற்சாலையை எள்ளி நகையாடுகிறான். அப்பாத்திரத்தை ஏற்ற கானி, பத்திரிகையை விரித்து அன்றைய செய்திகளிலிருந்தே பேச்சை வளர்ப்பது வழக்கம். அத்தொழிற்சாலையை உள்ளிருந்து கண்டவர் எவரோ, அவரே அப்பகுதியின் ஆசிரியர். இதனை மறுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

‘தீவு’ 1973இல் தோன்றியது. றொபின் தீவுச் சிறையில் ஓர் அறையிலிருக்கும் இரு கைதிகள் ‘அன்ரிகனி’ நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கின்றனர். முன்னர் சிறை சென்ற குழுவினரின் அனுபவமே இதன் ஊற்று. அக்கைதிகளின் பெயர்கள் ஜோன், வின்ஸ்ரன் என்பனவாகும். நடிகர்கள் தம் சொந்தப் பெயர்களோடு மேடையில் நின்றபோதும் அவர்களைப் படைப்பாளிகளாகக் காணாத விமர்சனத்தை என்னென்பது?

அன்றைய தென்னாபிரிக்கச் சட்டத்திலே கறுப்பினத்தவருக்கு ‘நடிகர்’ என்றொரு தொழில் இருக்கவில்லை. எனவே அவ்விருவரும் ஃபூகார்டின் வீட்டுப் பணியாளர்களாகப் பதிவுசெய்யப்பட வேண்டியிருந்தது. சட்டம் அவர்களுக்கு நடிகர் என்ற பெயரை மறுத்தது. இனவொதுக்கலை வன்மையாகக் கண்டித்த இலக்கிய உலகமோ அவர்களுக்கு ஆசிரியர் என்ற பெயரை வழங்கத் தயங்கிற்று. இரண்டும் ஒரே அளவான கொடுமைகள் அல்ல. ஆயினும் இரண்டுக்கும் அடிப்படையான எண்ணம் ஒன்றே: கறுப்பு மனிதன் உழைப்பைத் தருபவன்; உருவத்தைத் தருபவன் வேறொருவன்.

இதற்கு எதிராக ஒரு வாதம் முன்வைக்கப்படலாம். சிதறிக் கிடந்த அனுபவங்களுக்குக் கட்டுக்கோப்பு அளித்தவர் ஃபூகார்ட். அவரின்றி இந்நாடகங்கள் எழுந்திரா என்பதே அவ்வாதம். முதற் கூற்றிலே உண்மை உண்டு. 2025இல் மறைந்த அம்மேதையின் நெறியாள்கைத் திறனைக் குறைத்து மதிப்பிடுவது பேதைமை. ஆனால் கட்டுக்கோப்பு மாத்திரமே ஆக்கமாகுமா? பொருளும் மொழியும் நகைச்சுவையும் எவரிடமிருந்து வந்தனவோ, அவர்களை வெறும் தகவலாளராகத் தள்ளிவைத்தல் தகுமா? 1974இல் நூல் வெளிவந்தபோது மூவரின் பெயர்களும் இடம்பெற்றன. எனவே குற்றம் ஃபூகார்டுடையதன்று. மூன்று பெயர்களைக் கண்ட பின்னரும் ஒன்றை மட்டும் உச்சரிக்கும் வாசகருடையதும் ஆசிரியருடையதுமாகும்.

1975இல் கானியும் நற்சோனாவும் சிறந்த நடிகருக்கான ரோனி விருதை நியூயோர்க்கிலே கூட்டாகப் பெற்றனர். மறு ஆண்டு, திரான்ஸ்கேய் பகுதியில் ‘சிஸ்வே பன்சி’யை நடித்தமைக்காக இருவரும் தடுத்துவைக்கப்பட்டனர். நாடகத்தின் வலிமை எவரிடம் உறைகின்றது என்பதை அதிகாரம் ஐயந்திரிபற அறிந்திருந்தது. அது அறிந்ததை விமர்சனம் அறியவில்லை. 1985இல் ‘மிஸ் ஜூலி’யில் கானி வெள்ளைப் பெண்ணொருத்தியின் காதலனாகத் தோன்றியபோது பார்வையாளர் சிலர் எழுந்து வெளியேறினர். 1987இல் ஜொகான்னஸ்பேர்க் மார்க்கற் அரங்கில் அவர் ஒதெல்லோவாக நின்றார். பழைய ஐரோப்பியப் பிரதிகள் அவரது உடலினாலேயே புதிய தென்னாபிரிக்கப் பொருளைப் பெற்றன. இதுவும் ஆக்கமே.

இனவொதுக்கல் வீழ்ந்ததும் எதிர்ப்பு நாடகத்துக்குப் பொருள் தீர்ந்துவிட்டது எனச் சிலர் கூறினர். 2002இல் கானி தனித்து எழுதிய ‘உண்மையைத் தவிர வேறில்லை’ அக்கூற்றுக்கு விடையாயிற்று. அதன் நாயகன் சிப்போ நூலகமொன்றின் உதவி நூலகர். அவனது தம்பி நாடுகடந்து சென்று வீரனாகப் போற்றப்பட்டவன். இலண்டனில் இறந்த அவனது சாம்பல் ஊர் திரும்புகிறது. ஊரிலேயே இருந்து, மகனைக் காவற்றுறையின் துப்பாக்கிக்குப் பறிகொடுத்து, அன்றாடம் உழைத்த சிப்போவுக்கோ புதிய ஆட்சியிலும் தலைமை நூலகர் பதவி எட்டவில்லை. 1985இல் தம் தம்பியைக் காவற்றுறையின் துப்பாக்கிக்கு இழந்த கானி, சிப்போவின் பாத்திரத்தைத் தாமே ஏற்று நடித்தார். உழைத்தவன் ஒருவன், பெயர் பெற்றவன் வேறொருவன் என்னும் மனப்புண்ணை இத்துணை நுட்பமாக எழுத அவரினும் தகுதி வாய்ந்தவர் யாவர்? முப்பது ஆண்டுகளுக்கு முன் ‘சிஸ்வே’யில் எழுப்பிய பெயர் பற்றிய வினாவையே அவர் இங்கு மீண்டும் எழுப்பினார். அது புதிதாக எழுதத் தொடங்கியவனின் வினா அன்று. நெடுங்காலம் எழுதிவந்தவனின் தொடர்ச்சி.

2019இல் அரங்கேறிய ‘குனேனேயும் அரசனும்’ நாடகத்திலே, சாவை எதிர்நோக்கியிருக்கும் வெள்ளை நடிகனைப் பராமரிக்கும் கறுப்பினத் தாதியாகக் கானியே நடித்தார். எழுத்தும் நடிப்பும் அவரிடம் ஒருபோதும் இரு தொழில்களாக இருந்ததில்லை.

ஆதலின் நூலகப் பட்டியலிலும் பாடத்திட்டத்திலும் ‘சிஸ்வே பன்சி’யும் ‘தீவு’ம் மூவரின் பெயராலேயே வழங்கப்படுதல் வேண்டும். வினாத்தாள்களில் ‘ஃபூகார்டின் நாடகம்’ என்னும் தொடர் நீங்குதல் வேண்டும். நாடகம் கற்கும் மாணவன் அச்சிட்ட வசனத்தோடு நின்றுவிடாது, அவ்வசனம் எவரது வாயில், எந்த அச்சத்தின் நடுவே, எவ்வாறு பிறந்தது என்பதையும் ஆராய்தல் வேண்டும். உயிர் வாழ்வதற்காகத் தன் பெயரை இழந்த சிஸ்வேயை எண்ணிக் கண்ணீர் சிந்தும் கல்விமான்கள், அவனைப் படைத்தவர்களின் பெயர்களையாவது திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.